வளர்ப்பு அறையைக் காலி செய்யச் சொன்னவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆய்வு நிதிக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

நீங்கள் அனுப்பிய கடிதம் ஒன்றரைப் பக்கம். அதில் எங்கள் தாவரச் செல் வளர்ப்பு அறையைப் பற்றி இருப்பது நாலே வரி. நிதியாண்டு முடிவதற்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், ஷேக்கர்களை (ஃபிளாஸ்க்குகளைச் சுழற்றி ஆட்டும் கருவிகளை) வேறு பிரிவுக்குக் கொடுத்துவிட வேண்டும், வளர்ப்புகளை "உரிய முறையில் அப்புறப்படுத்த" வேண்டும். மூன்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள். போன மூன்று ஆண்டில் இந்த அறையிலிருந்து எந்த மருந்தும் வெளியே போகவில்லை. நாங்கள் தாவரச் செல்களில் செய்யப் பார்க்கும் மருந்துகளை இனிமேல் ஈஸ்ட்டே செய்துவிடும். செல்களின் மரபணு வரிசை கணினியில் பத்திரமாக இருப்பதால் இழப்பு எதுவும் இல்லை.

மூன்றாவது காரணம் தவறு. மற்ற இரண்டும் அதன் தோளில்தான் உட்கார்ந்திருக்கின்றன என்பதால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இந்த அறையில் 17 வருடமாக வேலை பார்க்கும் ஆய்வகத் தொழில்நுட்பர். கட்டுரைகளில் என் பெயர் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் வரும், சில சமயம் அங்கேயும் வராது. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஆனால் உங்கள் குழு அறையைப் பார்வையிட வந்த அன்று என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, இந்த ஷேக்கர்கள் எந்த வருடம் வாங்கியவை என்பது. மற்றதை நீங்கள் கேட்காததால் நானே எழுதுகிறேன்.

உரிய முறையில் அப்புறப்படுத்துவது என்றால், ஃபிளாஸ்க்குகளை ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் கருவியில், அடுக்கி, மூடியை இறுக்கி, 121 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் விடுவது. செல்களுக்கு மீடியா, அதாவது உணவுக் கலவை, தயாரிக்கும்போதும் இதே கருவி, இதே சூடு, ஏறக்குறைய இதே நேரம்தான். வாரத்துக்கு மூன்று முறை செய்து பழகிய வேலை. இந்த முறை உள்ளே வைப்பது உயிரோடு இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அறையில் நாற்பதுக்கு மேற்பட்ட லைன்கள், அதாவது தனித்தனியாகத் தொடர்ந்து வளர்த்துவரும் செல் வம்சங்கள், இருக்கின்றன. நித்தியகல்யாணி, யூ மரம், ஊமத்தை வேர் என்று பலவகை. இந்தத் துறைக்குப் புதியவர்கள் உங்கள் குழுவில் இருக்கிறார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை. செடியின் இலையிலிருந்தோ தண்டிலிருந்தோ சிறு துண்டை வெட்டி, கிருமி நீக்கி, சர்க்கரையும் உப்புகளும் ஆக்சின், சைட்டோகைனின் என்ற தாவர ஹார்மோன்களும் கலந்த அகார் கூழ் மேல் வைத்தால், சில வாரத்தில் வெட்டிய இடத்தில் கேலஸ் புடைத்துக்கொண்டு வரும். தான் இலையா வேரா என்று இன்னும் தீர்மானிக்காத செல்களின் கட்டி அது. அதை உதிர்த்து நீர்ம மீடியாவில் போட்டு ஷேக்கரில் சுற்றவிட்டால் மிதவை வளர்ப்பு. அந்தச் செல்கள் தாய்ச் செடி செய்கிற மருந்துப் பொருளைச் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். செய்ய வைப்பதுதான் எங்கள் வேலை.

கேட்பதற்கு எளிதாக இருக்கும். தனிச் செல்லை வளர்க்கலாம் என்று ஹேபர்லாண்ட் 1902இல் எழுதினார். அவர் எடுத்துவைத்த செல்கள் ஒருமுறைகூட இரண்டாகப் பிரிந்து பெருகவில்லை. ஆக்சின் என்று ஒன்று இருப்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. முடிவில்லாமல் வளரும் கேலஸை வைட், கோத்ரே, நோபெகூர் ஆகிய மூவரும் தனித்தனியாகக் காட்டியது 1939இல். இன்று நாங்கள் ஊற்றும் மீடியா, முராஷிகியும் ஸ்கூகும் புகையிலைச் செல்களுக்காக 1962இல் வகுத்தது. யோசித்துப் பாருங்கள், ஒரு சமையல் குறிப்பு கிடைக்கவே அறுபது வருடம்.

இப்போது மரபணு வரிசை விஷயத்துக்கு வருகிறேன்.

நித்தியகல்யாணிச் செல்கள் அஜ்மலிசின், செர்பென்டைன் என்ற ஆல்கலாய்டுகளை, அதாவது செடிகள் செய்யும் ஒரு வகை மருந்துப் பொருள்களை, செய்யும். செர்பென்டைனுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. புறஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். கேலஸ் தட்டை இருட்டறைக்கு எடுத்துப்போய் விளக்கைப் போட்டால், ஒரே இலைத்துண்டிலிருந்து வந்த கட்டியிலேயே ஓரிடம் மங்கிக் கிடக்கும், ஓரிடம் பளிச்சென்று தெரியும். அந்தப் பளிச்சென்ற இடத்தில் கடுகளவு கிள்ளி இரண்டாகப் பிரிப்பேன். ஒரு பாதி புதுத் தட்டுக்கு, மறு பாதி சோதனைக்கு. நான்கு வாரம் கழித்து மறுபடி இருட்டறை, மறுபடி கிள்ளல். எங்கள் சிறந்த லைன் இப்படி மூன்று வருடத்தில் வந்தது. அதில் பாதி நாள் என் கழுத்துவலியோடு போனது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கவனியுங்கள். மங்கிய துண்டும் ஒளிர்ந்த துண்டும் ஒரே இலையின் பிள்ளைகள். இரண்டின் மரபணுவையும் படித்தால் ஏறக்குறைய ஒரே எழுத்துகள்தான் வரும். அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எந்தப் பக்கம் ஒட்டிக் கிடக்கிறது என்பதில்தான் பெரும்பாலான வேறுபாடு, அது எழுத்து வரிசையில் தெரியாது. வளர்ப்பில் நீண்ட நாள் இருந்த செல்களில் எழுத்தும் அங்கங்கே மாறும். லார்க்கினும் ஸ்கோக்ராஃப்ட்டும் 1981இல் அதற்குப் பெயரே வைத்தார்கள். ஆக, எங்கள் லைனை எங்கள் லைனாக வைத்திருப்பது அதன் மரபணு, அதற்குமேல் ஏறிய மாற்றங்கள், அது பழகிய மீடியா, மாற்றிவைக்கும் இடைவெளி எல்லாம் சேர்ந்துதான். கணினியில் இருக்கும் கோப்பிலிருந்து அந்தச் செல்லைத் திரும்ப எழுப்ப இன்று எவராலும் முடியாது. ஒரு பாட்டின் ஸ்வரத்தை எழுதிவைத்துவிட்டோம், பாடகர் இனி வேண்டாம் என்பது போல இருக்கிறது உங்கள் வரி.

"விதையிலிருந்து மறுபடி ஆரம்பித்தால் என்ன?" என்று உங்களில் ஒருவர் எங்கள் துறைத் தலைவரிடம் கேட்டதாக அறிந்தேன். நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இருக்கிறது, ஏனென்றால் ஒருமுறை அப்படி ஆரம்பித்திருக்கிறோம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு திட்டம் முடிந்து அடுத்த திட்டத்துக்குப் பணம் வர ஏழு மாதம் ஆனது. முடிவு எடுத்தாகிவிட்டது, கையெழுத்துதான் பாக்கி என்று சொல்லிக்கொண்டே ஏழு மாதம். என்னோடு இருந்த இருவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மிதவை வளர்ப்பை 14 நாளுக்கு ஒருமுறை புது மீடியாவுக்கு மாற்ற வேண்டும். தனி ஆளாக எல்லா லைனையும் மாற்ற முடியாமல் இடைவெளி மூன்று வாரம் ஆனது, அப்புறம் நான்கு வாரம். செல்கள் பழுப்பாயின. பழுப்பேறிய வளர்ப்பிலிருந்து உயிருள்ளது கொஞ்சமாகத்தான் கிடைக்கும், அதை மட்டும் புது மீடியாவில் போட்டால் வளராது. தாவரச் செல்களுக்குக் கூட்டம் வேண்டும். ஒரு அளவுக்குக் கீழே எண்ணிக்கை போய்விட்டால் பக்கத்தில் துணை இல்லை என்பது போலப் பிரியவே மறுக்கும். இதனிடையே ஓர் இரவு மின்சாரம் போய், ஜெனரேட்டரும் கைவிட்டு, காலையில் வந்து பார்த்தபோது ஷேக்கர் நின்றிருந்தது. செல்கள் அடியில் படிந்து மூச்சுத் திணறிக் கிடந்தன. அந்த ஏழு மாதத்தில் ஒன்பது லைன் போயிற்று. நான் மேலே சொன்ன நீல லைனும் அதில் ஒன்று.

பணம் வந்ததும் விதையிலிருந்துதான் தொடங்கினோம். விதை முளைக்க ஒரு வாரம், கேலஸ் வர ஒரு மாதம், அது மிதவையில் நன்றாக உதிர்ந்து வளர ஏழெட்டு மாதம், பிறகு இருட்டறை. இரண்டே கால் வருடம் கழித்துக் கிடைத்த லைன் பழையதில் பாதி அளவுக்குக்கூட ஆல்கலாய்டு செய்யவில்லை. இன்றுவரை அதுதான் எங்களிடம் இருப்பது. உங்கள் அறிக்கையில் எங்கள் "விளைச்சல் குறைந்திருக்கிறது" என்று ஒரு குறிப்பு இருக்கிறதே, அது ஏன் குறைந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

தானாகவே சரிந்துபோகும் ஒன்றை எதற்குக் கட்டிக் காக்க வேண்டும் என்று கேட்கலாம். சரிவது உண்மைதான். மைன்ஹார்ட் சென்க்கின் குழு 1970களில் இதே நித்தியகல்யாணியில் அற்புதமான லைன்களைத் தேர்ந்தெடுத்தது. தொடர்ந்து மாற்றி வைத்ததில் அவற்றின் விளைச்சல் எப்படி வீழ்ந்தது என்று 1984இல் அவரும் அவருடைய சகாவும் ஒளிக்காமல் எழுதினார்கள். சரியும் என்பது தெரிந்ததால்தான் அடிக்கடி மறுதேர்வு செய்கிறோம். அதனால்தான் திரவ நைட்ரஜன் தொட்டி கேட்டோம்.

அந்தத் தொட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மைனஸ் 196 டிகிரியில் செல்லின் காலம் நின்றுவிடும். சரிவும் நின்றுவிடும். ஆனால் தாவரச் செல் உள்ளே பெரும் பகுதி தண்ணீர். அப்படியே உறைந்தால் பனிப்படிகம் சவ்வைக் கிழித்துவிடும். முதலில் சர்க்கரை அதிகமான மீடியாவில் வைத்துத் தண்ணீரைக் கொஞ்சம் வெளியேற்றி, பிறகு கிளிசரால், எத்திலீன் கிளைக்கால், டைமெத்தில் சல்ஃபாக்சைடு, சர்க்கரை கலந்த கரைசலில் நனைத்து, படிகமாகாமல் கண்ணாடி போல இறுகும்படி சட்டென்று நைட்ரஜனில் இறக்க வேண்டும். சாகாய் குழு ஜப்பானில் 1990இல் கொடுத்த வழி இது. கரைசலில் இரண்டு நிமிடம் கூடினால் விஷம், இரண்டு நிமிடம் குறைந்தால் படிகம். ஒவ்வொரு லைனுக்கும் அந்த நிமிடக் கணக்கு வேறு. உறையவைத்ததை மறுபடி எழுப்பி, வளர்கிறதா, பழைய அளவு மருந்துப் பொருள் செய்கிறதா என்று பார்த்தால்தான் வேலை முடிந்தது. லைன் ஒன்றுக்கு நான்கைந்து மாதம் பிடிக்கும். இரவல் தொட்டியில் 11 லைனை இப்படிச் சேமித்திருக்கிறோம். சொந்தத் தொட்டிக்கு இரண்டு முறை விண்ணப்பித்தோம். இரண்டு முறையும் "புதுமை போதவில்லை" என்ற பதில் வந்தது. சேமிப்பில் புதுமை எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அடுத்து, மூன்று ஆண்டில் மருந்து எதுவும் வரவில்லை என்ற காரணம். இது உண்மை. மூன்று ஆண்டில் வரவும் வராது.

ஷிகோனினை எடுத்துக்கொள்ளுங்கள். லித்தோஸ்பெர்மம் என்ற செடியின் வேரில் இருக்கும் செந்நீலச் சாயம், புண்ணுக்கும் தீக்காயத்துக்கும் கிழக்காசியாவில் பழைய மருந்து. செடி பல வருடம் வளர்ந்தாலும் வேரில் ஒன்றிரண்டு சதவீதம்தான் தேறும். கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மமோரு தபாத்தாவின் குழு 1970களின் தொடக்கத்தில் இதன் செல்களை வளர்க்க ஆரம்பித்தது. செல்கள் வெள்ளை வெளேரென்று வளர்ந்தன, சாயமே வரவில்லை. போகப்போகத்தான் தெரிந்தது, வெளிச்சம் பட்டால் சாயம் வராது, மீடியாவில் அம்மோனியம் இருந்தால் வராது, தாமிரம் கொஞ்சம் கூட்டினால் நன்றாக வரும். செல்களைப் பெருக்க ஒரு மீடியா, சாயம் செய்ய வைக்க வேறொரு மீடியா என்று இரண்டு கட்டமாகப் பிரித்தார்கள். மிட்சுயி பெட்ரோகெமிக்கல் நிறுவனம் அதை 750 லிட்டர் தொட்டியில் செய்து 1983இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சுமார் மூன்று வாரத்தில், உலர்ந்த செல் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் ஷிகோனின். முதலில் அது போய்ச் சேர்ந்த பிரபலமான இடம் உதட்டுச்சாயம் என்பது வேறு கதை. பத்து வருடம் அந்த வெள்ளைச் செல்களை யாரோ விடாமல் மாற்றி வைத்துக்கொண்டே இருந்தார்கள். நீங்கள் அங்கே இருந்திருந்தால் மூன்றாவது வருடத்தில் ஷேக்கரைக் கழற்றியிருப்பீர்கள்.

புற்றுநோய் மருந்தான பாக்லிடாக்சல் இன்னும் பொருத்தம். பசிபிக் யூ மரத்தின் பட்டை மாதிரி எடுக்கப்பட்டது 1962இல், மூலக்கூறின் அமைப்பு வெளியானது 1971இல், சினைப்பைப் புற்றுநோய்க்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது 1992 டிசம்பரில். பட்டையில் அந்தப் பொருள் சுமார் 0.01 சதவீதம். ஒரு கிலோ மருந்துக்கு ஏறக்குறைய 10,000 கிலோ பட்டை. பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும், அதுவோ மெதுவாக வளரும் மரம். பிறகு யூ இலைகளிலிருந்து ஒரு முன்பொருளை எடுத்து வேதியியலால் மருந்தாக்கினார்கள். அதற்கும் அடுத்த படியாக, யூ செல்களைத் தண்ணீர் மீடியாவில் தொட்டியில் வளர்த்து நேரடியாக எடுக்கும் முறை வந்தது. அதற்காக பிரிஸ்டல் மயர்ஸ் ஸ்க்விப் நிறுவனத்துக்கு 2004இல் அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது. ஃபைட்டன் நிறுவனத்தின் தொட்டிகள் 75,000 லிட்டர் வரை போகும். யூ செல்கள் சும்மா அதிகம் பாக்லிடாக்சல் செய்யாது. மெத்தில் ஜாஸ்மோனேட் என்ற தாவரச் சமிக்ஞைப் பொருளைச் சில சொட்டு விட்டால், பூச்சி கடித்துவிட்டது என்று நம்பி, தற்காப்புக்கு நிறையச் செய்ய ஆரம்பிக்கும். 1996இல் வெளியான இந்த உண்மையும் செல்களை வருடக்கணக்கில் கூடவே இருந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்ததுதான்.

கேரட் செல்லையும் விட்டுவிடக் கூடாது. கோஷே நோய் என்ற பரம்பரை நொதிக் குறைபாட்டுக்கான நொதி மருந்தைக் கேரட் செல்களில் செய்து 2012 மே மாதம் அனுமதி வாங்கினார்கள். அதற்கு மூன்று வருடம் முன்பு, அதே நோய்க்கான நொதியை விலங்குச் செல்களில் தயாரித்துவந்த ஆலையில் வைரஸ் புகுந்து உற்பத்தி நின்று, நோயாளிகள் தவித்தார்கள். விலங்கு வைரஸுக்குத் தாவரச் செல்லில் இடம் கிடையாது.

ஈஸ்ட் பற்றி. எனக்கு ஈஸ்ட்டோடு சண்டை எதுவும் இல்லை. பக்கத்து அறையில்தான் இருக்கிறது. சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும், எங்கள் செல்களுக்கு இரண்டு மூன்று நாள் வேண்டும். பொறாமையாகக்கூட இருக்கும். 2022இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தின் இரு பாதிகளான, நித்தியகல்யாணியின் வின்டோலினையும் கேதரான்தினையும் ஈஸ்ட்டில் செய்துகாட்டியது பெரிய சாதனை. அதற்காகத் தாவரங்களிலிருந்து 34 மரபணுக்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். கிடைத்த அளவு லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில். அது கூடும், கூட வேண்டும். ஆனால் "இனிமேல் ஈஸ்ட்டே செய்துவிடும்" என்று இன்றைய தேதியில் எழுதி, அதன் பேரில் ஓர் அறையை மூடுவது அவசரம். மலேரியா மருந்தான ஆர்டிமிசினினின் கதையைத் தெரிந்தவர்கள் உங்கள் குழுவில் இருக்கிறார்கள். ஈஸ்ட் லிட்டருக்கு 25 கிராம், அதன் முன்பொருளான ஆர்டிமிசினிக் அமிலம் செய்தது. 2013இல் பெரிய ஆலை ஓட ஆரம்பித்தது. வயலில் விளைந்த செடியின் விலை இறங்கியதும் சில வருடத்திலேயே அந்த ஆலை கைமாறியது. தொழில்நுட்பம் வென்றது, சந்தை வேறு மாதிரி நடந்தது.

இன்னொன்று. அந்த 34 மரபணுக்கள் எங்கிருந்து வந்தன? இந்த ஆல்கலாய்டுகள் எல்லாவற்றுக்கும் வேரான ஸ்ட்ரிக்டோசிடினை ஸ்டாக்கிக்டும் சென்க்கும் 1977இல் அடையாளம் காட்டியது நித்தியகல்யாணிச் செல் வளர்ப்பை வைத்துத்தான். பாக்லிடாக்சல் பாதையின் பல நொதிகளை ரோட்னி க்ரோட்டோவின் ஆய்வகம் கண்டெடுத்தது ஜாஸ்மோனேட் விட்ட யூ செல்களிலிருந்து. ஒரு முழுச் செடியில் எந்தச் செல் எப்போது வேலை செய்யும் என்று தேடி அலைய வேண்டும். எங்கள் ஃபிளாஸ்க்கில் ஒரு சொட்டு விட்டால் அத்தனை செல்லும் ஒரே நாளில் விழித்துக்கொள்ளும். ஈஸ்ட்டுக்கு அடுத்து வேண்டிய மரபணுக்களையும் இங்கேதான் வந்து தேடுவார்கள். அப்போது இங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

எங்கள் தரப்புத் தவற்றையும் மறைக்கப் போவதில்லை. பழைய விண்ணப்பங்களை எடுத்துப் பாருங்கள். வின்பிளாஸ்டினும் வின்கிறிஸ்டினும் செல் வளர்ப்பிலிருந்து "விரைவில்" வரும் என்று நாங்கள் எழுதியிருக்கிறோம். எழுதியவர்களுக்கே சந்தேகம் இருந்தது. அந்த மருந்துகளுக்கு வேண்டிய வின்டோலின், இலையில் வெளிச்சம் பட்டு வளர்ந்த தனிவகைச் செல்களில்தான் முடிவடையும். எதுவாகவும் மாறாத மிதவைச் செல்களில் அந்தப் பாதை பாதியில் நின்றுவிடும். இது பல வருடமாகத் தெரியும். விண்ணப்பத்தில் அப்படி எழுதினால் பணம் வராது என்பதும் தெரியும். வேரில் செய்கிற பொருளுக்கு வேரையே வளர்க்கலாம்: அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்ற மண் பாக்டீரியாவைத் தொற்றவைத்த ஊமத்தை வேர்கள் ஹார்மோன் இல்லாமலே கொத்துக் கொத்தாக வளர்ந்து ஹையோசயமின் என்ற மருந்துப் பொருளைச் செய்கின்றன, பல வருடமாகச் சரியவும் இல்லை. எங்கள் அறையில் மிக அடக்கமான குழந்தைகள் அவைதான். இலையில் செய்கிற பொருளுக்கு அப்படி ஒரு குறுக்குவழி இன்னும் இல்லை. இதை முன்பே வெளிப்படையாக எழுதியிருந்தால் இன்று உங்கள் நம்பிக்கை இவ்வளவு குறைந்திருக்காது. அது எங்கள் தவறு. ஆனால் எங்கள் பெரிய வாய்க்குத் தண்டனை அந்தச் செல்களுக்கு வேண்டாம்.

2019இல் அமெரிக்காவில் வின்கிறிஸ்டின் தட்டுப்பாடு வந்ததை நினைவுபடுத்துகிறேன். இரண்டு நிறுவனம் கொடுத்துவந்தன, ஒன்று விலகியது, மற்றொன்றால் ஈடுகட்ட முடியவில்லை. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மாற்றில்லாத மருந்து அது. அங்கே குறை செடியில் இல்லை, ஒரே வாசலை நம்பியதில்தான் இருந்தது. செடி, செல், ஈஸ்ட், வேதியியல் என்று நான்கு வாசல் இருக்கும்போது ஒன்றைச் செங்கல் வைத்து அடைக்கும் குழுவில் இருக்க நான் விரும்ப மாட்டேன்.

சரி, என்ன வேண்டும் என்று சொல்கிறேன்.

அப்புறப்படுத்தும் உத்தரவை இப்போதே நிறுத்திவையுங்கள். ரத்து செய்யச் சொல்லவில்லை, 18 மாதம் நிறுத்திவைக்கச் சொல்கிறேன். மிச்சமிருக்கும் லைன்களை உறையவைத்து எழுப்பிச் சோதிக்க இரண்டு ஆட்களுக்கு அவ்வளவு காலம் தேவை. ஊமத்தை வேர்களில் வேர்நுனியை மட்டும்தான் உறையவைக்க முடியும், அதில் இன்னும் எங்களுக்குக் கை பழகவில்லை. அதையும் அந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறேன். அந்த 18 மாதத்துக்கு ஷேக்கர்களும் குளிர்சாதனமும் இங்கேயே இருக்க வேண்டும். புது ஆய்வுக்குப் பணம் கேட்கவில்லை.

ஒரு திரவ நைட்ரஜன் தொட்டி வேண்டும், அதற்கு நைட்ரஜன் ஊற்றும் செலவை எந்தத் திட்டத்தோடும் கட்டாமல் நிறுவனத்தின் நிரந்தரச் செலவில் சேர்க்க வேண்டும். திட்டம் முடிந்தால் தொட்டி காயக்கூடாது.

இனி எந்த ஆய்வகத்தின் உயிருள்ள சேகரிப்பை மூடுவதானாலும் ஆறு மாதம் முன்பே அறிவியுங்கள். வேறு ஆய்வகமோ செல் வங்கியோ எடுத்துக்கொள்ள முன்வந்தால், மாற்றிக் கொடுத்து முடியும்வரை ஒன்றையும் அழிக்கக் கூடாது என்று எழுத்தில் விதி செய்யுங்கள். எங்கள் லைன்களின் பட்டியலை, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது, என்ன செய்ய மறுக்கிறது என்ற குறிப்போடு, இந்த வாரமே பொதுவில் வைக்கத் தயாராக இருக்கிறேன். அதற்கு அனுமதி கொடுங்கள்.

திட்டத்துக்கும் திட்டத்துக்கும் நடுவில் விழும் மாதங்களுக்கு ஒரு பாலநிதி வையுங்கள். செல்களை மாற்றி வைக்க மட்டும். எங்கள் ஒன்பது லைன் எப்படிப் போயின என்று மேலே எழுதியிருக்கிறேன்.

மதிப்பீட்டுக் குழுவில் கையால் சப்கல்ச்சர், அதாவது செல்களைப் புது மீடியாவுக்கு மாற்றும் வேலை, செய்து பழகிய ஒருவரையாவது சேருங்கள். நானாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அடுத்த முறை பார்வையிட வரும்போது பத்து நிமிடம் இருட்டறைக்கும் வாருங்கள், விளக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

மிதவை வளர்ப்புகளுக்கு அடுத்த மாற்றம் இன்றிலிருந்து 11ஆம் நாள். அதற்கான மீடியாவை 9ஆம் நாள் ஆட்டோகிளேவில் வைக்க வேண்டும். உத்தரவை நிறுத்திவைக்கிறீர்களா இல்லையா என்ற பதிலை அதற்கு முன் எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
தாவரச் செல் வளர்ப்பு அறையின் தொழில்நுட்பர்